கழற்றிய ஃபேனின் காற்று

இதை எனக்கு முதலில் சொன்னவள் லூர்தம்மாள். போன வருடத்துத் தவக்காலத்தில், மூன்றாவது வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். ஒரு கால் செருப்பு கிடைத்து மறுகால் செருப்பு கிடைக்காமல் நின்றுகொண்டு, "யக்கா, எங்க காலேஜில ஃபேனைக் கழத்திட்டாவ, காத்தைக் கழத்த மறந்துட்டாவ" என்றாள். அப்போதே அது நடந்து ஏழு மாதம் ஆகியிருந்ததாம். மறுசெருப்பு கிடைத்ததும் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் அந்தப் பேச்சை ஜெபமாலை மணிபோல வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன். பிறகு, அங்கே வேலை பார்க்கிற பதினோரு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். பதினோரு பேரும் ஒன்றுபோலத்தான் சொன்னார்கள். ஆகவே இதில் நான் கூட்டிச் சொல்வது எதுவும் இல்லை. கோபம் மட்டும் என்னுடையது.

எங்கள் ஊருக்கு மேற்கே, நாலுவழிச் சாலையை ஒட்டி, முன்பு பருத்தி விளைந்த கரிசலில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பெயர் வேண்டாம். ஏழு கட்டடம், யாரும் நின்று பார்க்காத ஒரு நீரூற்று, பின்பக்கம் லாரி அளவுக்கு ஒரு ஜெனரேட்டர். கூட்டித் துடைக்கிற வேலைக்குப் பதினோரு பெண்கள். காலை ஏழு மணிக்கு அவர்கள் உள்ளே நுழைந்தால் குப்பையை அள்ளுவதற்கு முன்னால், முந்தின நாள் இவர்கள் போனபிறகும் இருந்து படித்தவர்கள் விட்டுப் போன வெளிச்சத்தையும் காற்றையும்தான் அள்ளுவார்கள். கூட்ட அரங்கில் இருநூறு காலி நாற்காலிகளுக்கு ஏசி விடிய விடிய ஓடியிருக்கும், ஆய்வகத்தில் மர ஸ்டூல்களுக்கு மேலே எட்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், மாடித் தொட்டி நிரம்பி வழிந்து சுவரெல்லாம் பாசி பிடித்த பிறகும் மோட்டார் நிற்காமல் முனகிக்கொண்டிருக்கும், இவர்கள் ஒவ்வொரு அறையாகப் போய் எட்டாத ஸ்விட்சைத் துடைப்பக் கட்டையின் முனையால் தட்டி நிறுத்துவார்கள், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடியபின் மறுபடியும் ஏழு கட்டடத்தையும் சுற்றி வந்து நிறுத்துவார்கள். யாரும் செய்யச் சொன்னதில்லை. ஆளில்லாத இடத்தில் ஒன்று சுற்றினால் அவர்களுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

அந்தப் பதினோரு பேரில் செல்வக்கனிக்கு ஒரு வியாதி உண்டு. சூடு தலைக்கு ஏறினால் கை கால் இழுத்துக்கொள்ளும். மாத்திரை சாப்பிடுகிறாள். "மதியத்துல ஒரு மணி நேரமாவது காத்தாட படுக்கணும், வெக்கையில இருக்கவே கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலிப்பு இருக்கிறது என்று சூப்பர்வைசர் பவுன்ராஜுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். வேலை போனால் அவளுக்கும் பன்னிரண்டாவது படிக்கிற மகளுக்கும் அடுப்பு எரியாது. அவளுக்கென்று அந்தக் கல்லூரி முழுவதிலும் இருந்த ஒரே இடம் மூன்றாவது கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறைதான். ஒருபக்கம் நிமிரலாம், மறுபக்கம் குனிய வேண்டும். நிமிரக்கூடிய பக்கத்தில் ஒரு பழைய ஃபேன் தொங்கியது. அதில் ஓர் இறக்கை தளர்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் டொக், டொக் என்று சொல்லும். ரெகுலேட்டர் மூன்றில் சிக்கி நின்றது. அதன் கீழே பதினோரு பேரும் சாப்பிடுவார்கள், செல்வக்கனி படுப்பாள், மற்றவர்கள் அவளுக்குக் காவல் மாதிரி சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படியிருக்கும்போது தாளாளர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் நீரூற்றுக்குப் பக்கத்தில் எல்லோரையும் வெயிலில் நிற்க வைத்து, இரண்டு வருடத்தில் நம் வளாகம் வெளியே விடுகிற கரிப்புகையைப் பாதியாகக் குறைக்கப் போகிறோம், மின்சாரத்தைப் பாதியாகக் குறைக்கப் போகிறோம் என்று பேசினார். அது நல்ல காரியம். நான் இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஐப்பசியில் பெய்ய வேண்டியது மார்கழியில் வந்து நிற்கிற பயிரை அழுக வைக்கிறது, பங்குனியிலேயே கோழிகள் நாக்குத் தள்ளுகின்றன. எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்று நானும் செபத்தில் சேர்த்துத்தான் வேண்டுகிறேன். ஆனால் ஒரு நல்ல காரியத்தை எவள் தலையிலிருந்து தொடங்குகிறார்கள் என்று பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

கல்லூரியின் மின்சார இன்ஜினியர் குற்றாலிங்கம். கெட்டவர் இல்லை. கேட்டால் பதில் சொல்வார், வணக்கம் வைத்தால் திருப்பி வைப்பார். அவர் என்ன செய்தார் என்றால், கல்லூரியின் டைம்டேபிளைக் கையில் எடுத்துக்கொண்டார். எந்த அறையில் எந்த மணிக்கு எத்தனை பேர் என்று டைம்டேபிள் சொல்லும், அதில் இருக்கிற அறைக்கு ஃபேனும் விளக்கும் உண்டு, இல்லாத அறைக்குத் தேவையில்லை என்று ஒரு கோடு போட்டார். வாரத்தில் இரண்டு நாள் வருகிற தாளாளரின் அறைக்கு டைம்டேபிளில் 'முழு நாள்' என்று போட்டிருந்தது, அதனால் அங்கே நாலு ஏசியும் பதினெட்டில் ஓடலாம். படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறை டைம்டேபிளில் இல்லை.

அவர் நேரில் வந்தும் பார்த்தார். காலை பத்து மணி. பெண்கள் எல்லோரும் மாடியில் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் பதினோரு டிபன் டப்பா வரிசையாக இருந்தது, ஆணியில் பதினோரு பை தொங்கியது, மூலையில் ஒரு பாய் சுருட்டி நின்றது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 'ஆளில்லாத இடம், ஃபேன் ஒன்று, நீக்கலாம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை ஃபேனைக் கழற்றினார்கள். ரெகுலேட்டரையும் ஸ்விட்சையும் கழற்றினார்கள். கொக்கியும், கறுப்பு டேப் சுற்றிய இரண்டு வயரும்தான் மிச்சம். பன்னிரண்டரைக்குப் பெண்கள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். டப்பாவைத் திறந்தார்கள். மரியபுஷ்பம்தான் முதலில் மேலே பார்த்தாள்.

"ஏட்டி, ஃபேனைக் காணோம்."

"காத்து வருதுல்லா. பேசாம சாப்பிடு."

காற்று வந்துகொண்டுதான் இருந்தது. மூன்றில் வைத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு. டொக், டொக் என்று தளர்ந்த இறக்கையின் சத்தமும் இருந்தது, இறக்கைதான் இல்லை. செல்வக்கனி பாயை விரித்துப் படுத்தாள். முந்தானை எப்போதும் பறக்கிற பக்கமே பறந்தது. ஒன்றரைக்கு எழுந்து முகம் கழுவிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

மறுநாளும் இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது. பெண்களுக்கு அதில் ஒரே ஒரு வருத்தம்தான். ஊரெல்லாம் நிறுத்துகிற கைகளால் இதை நிறுத்த முடியவில்லை. லூர்தம்மாள் வெளியே போகும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் சுவரைத் தடவுவாள், அங்கே ஓட்டை மட்டும் இருக்கும். "நாம போனப்புறமும் சும்மா சுத்துமே, பாவம்லா" என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் செல்வக்கனி கொக்கியில் ஒரு தையல் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். உள்ளே ஆளில்லாதபோது நூல் அசையாமல் தொங்கியது. ஒருத்தி காலெடுத்து உள்ளே வைத்ததும் ஆடத் தொடங்கியது. அவள் காலை வெளியே எடுத்ததும் நின்றது. அதற்குப் பிறகு அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

விஷயம் மெதுவாகப் பரவியது. கேன்டீன் பிச்சையா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வடகம் காயவைக்க மத்தியானம் தவிர்த்த நேரத்தில் தர முடியுமா என்று கேட்டார். "இது நாங்க படுக்கிற இடம் அண்ணாச்சி. உம்ம வடகத்தை வெயில்ல போடும், அது ஒமக்கு ஓசிதான்" என்று மரியபுஷ்பம் சொல்லி அனுப்பினாள். கடைசி வருடத்துப் பிள்ளைகள் தேர்வுக்கு முந்தின நாள் ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து காற்றில் காட்டிவிட்டுப் போனார்கள். மழையில் நனைந்த துப்பட்டாவைக் காயவைக்க விடுதிப் பெண்கள் வந்தார்கள். எங்கள் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், துளி ஒவ்வொன்றும் காற்றில் சிதறி எல்லோர் மேலும் சமமாக விழுந்தது, அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மன் கோயில் பூசாரி சூடம் ஏற்றினார், ஏற்ற ஏற்ற அணைந்தது, "ஆத்தாவுக்கு இங்க சூடம் வேண்டாமாம், பூ மட்டும் போதுமாம்" என்று கொக்கியில் ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றிவிட்டுப் போனார். மின்சாரப் பிரிவு வாத்தியார்கள் மூன்று பேர் வந்து வயரில் டெஸ்டர் வைத்தார்கள், பல்ப் எரியவில்லை. வோல்ட் மீட்டரைத் தூக்கிப் பிடித்தார்கள், முள் படுத்தே கிடந்தது. அதில் ஒருவர், "இருக்க வாய்ப்பில்லை" என்று சொல்லிக்கொண்டே அதன் கீழே அரைமணி நேரம் உட்கார்ந்து வேர்வையை ஆற்றிக்கொண்டார். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தபோது காற்றைக் குறைக்க வழியில்லாமல் பெண்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டார்கள். "மகாராணி, இன்னும் கொஞ்சம் மெதுவாத்தான் வீசக் கூடாதா" என்று லூர்தம்மாள் கொக்கியைப் பார்த்துத் திட்டுவாள். ஒரு வீட்டில் புதிதாக வந்த மருமகளிடம் பழகுகிற மாதிரிதான் அதனிடம் பழகினார்கள்.

தை மாதத்தில் தாளாளருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அவர் அந்தக் கல்லூரியைக் கட்டிப் பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்தப் படிக்கட்டுக்கு அடியில் குனிந்தார். பழக்கமில்லாததால் தலையில் இடித்துக்கொண்டார். உள்ளே வந்ததும் நூல் ஆடியது, அவருக்கும் காற்று வந்தது. செல்வக்கனியின் பாயில் செருப்புக் காலோடு நின்றுகொண்டு, "கரண்ட் இல்லாம, புகையில்லாம, ஒரு யூனிட் செலவில்லாம" என்று மூன்று தடவை சொன்னார்.

முதலில் கொக்கியைப் பெயர்த்து அவர் அறையில் மாட்டிப் பார்த்தார்கள். கொக்கிதான் போனது, காற்று போகவில்லை; கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்கள். பிறகு, காற்று வராவிட்டால் நாம் அங்கே போவோம் என்று முடிவாயிற்று. ஈஸ்டர் கழிந்த வாரம் அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டார்கள், சாய்ந்த கூரையை மறைத்துப் பலகை அடித்தார்கள், சோபா போட்டார்கள், வாசலில் 'கரியில்லாக் காற்றின் அறை' என்று பித்தளைப் பலகை வைத்தார்கள். மின்சாரச் சிக்கனத்தைப் பார்த்துக் கேடயம் தர அடுத்த ஆடிக்கு வரப்போகிற ஆய்வுக் கமிட்டிக்குக் காட்டுவதற்காம். பதினோரு டிபன் டப்பாவையும் பதினோரு பையையும் ஒரு சாக்கில் அள்ளி, பாயோடு சேர்த்து, ஜெனரேட்டர் கொட்டகையின் பக்கவாட்டில் வைத்துவிட்டார்கள்.

"இனிமே நீங்க இங்கன சாப்பிட்டுக்கிடலாம்" என்றார் பவுன்ராஜ்.

"இங்க புகை வருமே சார்."

"கரண்ட் போனாத்தான் வரும். கரண்ட் போகாம இருக்க வேண்டிக்கிடுங்க. நீங்கதான் தெனம் கோயிலுக்குப் போற ஆளுங்களாச்சே."

சித்திரையில் மத்தியான நேரத்தில்தான் கரண்ட் போகும் என்று அவருக்குத் தெரியாதா.

பன்னிரண்டு நாள் தாங்கினாள் செல்வக்கனி. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மாத்திரையைப் பாதி கூடுதலாகப் போட்டுக்கொண்டு தாங்கினாள். பதின்மூன்றாம் நாள் கரண்ட் போயிற்று. தாளாளரின் நாலு ஏசிக்காகவும் நீரூற்றுக்காகவும் ஜெனரேட்டர் உறுமியது, கொட்டகைச் சுவர் அடுப்புக் கல்லாகக் காய்ந்தது, புகை இவர்கள் சோற்றின் மேல் இறங்கியது, அவளுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. பிடிப்பதற்குள் உருண்டுவிட்டாள். புகைக்குழாயில் இடது முழங்கை பட்டு, தோல் குழாயிலேயே ஒட்டிக்கொண்டது. அதே நேரத்தில், இருபது தப்படி தள்ளி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், விருந்தாளி ஒருவர் சோபாவில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். வலிப்பென்று சொன்னால் வேலை போய்விடுமே என்று, தூக்கத்தில் உருண்டுவிட்டாள் என்றே மற்றவர்கள் சொன்னார்கள். பவுன்ராஜ் அன்று எழுதியது இது: 'வேலை நேரத்தில் தூக்கம். முதல் எச்சரிக்கை. இன்னொரு முறை நடந்தால் நீக்கப்படுவார்.'

இதைக் கேட்ட அன்று நான் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றாமல் உட்கார்ந்தேன். நாற்பத்தொரு வருடத்தில் நான் அவளிடம் குரலை உயர்த்தியது இல்லை. அன்று உயர்த்தினேன். காற்றைக் கொடுத்தவள் அதற்குக் கண்ணையும் கொடுத்திருக்கக் கூடாதா, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து வீசத் தெரியாத காற்று எதற்கு, அவர் உட்கார்ந்தாலும் வீசும், அவர் விருந்தாளி உட்கார்ந்தாலும் வீசும் என்றால் உன் அதிசயத்துக்கு அர்த்தம்தான் என்ன என்று கேட்டேன். மூன்று நாள் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஓசூரிலிருந்து என் மகன் போன் செய்தான். அவனும் அந்தக் கல்லூரியில்தான் நாலு வருடம் படித்தான், மூன்றாவது கட்டடத்திலேயே படித்தான். கேட்டேன்.

"தம்பி, அந்தப் படிக்கட்டுக்கு அடியில ஒரு ரூம் இருக்குமே, ஞாபகம் இருக்கா?"

"எந்தப் படிக்கட்டும்மா? அங்க ரூமெல்லாம் கிடையாதே."

"பதினோரு பேர் தெனம் சாப்பிடுவாவளாம்டா."

"நீங்க வேற காலேஜைச் சொல்றீங்கம்மா."

போனை வைத்துவிட்டேன். நாலு வருடம், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, அவர்கள் தலைக்கு மேலே ஏறி இறங்கியிருக்கிறான் நான் பெற்ற பிள்ளை. அதற்குப் பிறகு மாதாவிடம் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. போய் மெழுகுவர்த்தியை ஏற்றினேன்.

செல்வக்கனி கட்டுப்போட்ட கையோடு ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தாள். காலை ஏழு மணிக்குக் கூட்ட அரங்கத்துக்குள் நுழைந்தார்கள். காலி நாற்காலிகளுக்கு ஏசி ஓடிக்கொண்டிருந்தது. லூர்தம்மாளின் துடைப்பக்கட்டை தானாக ஸ்விட்சுக்கு உயர்ந்தது.

"விடு யக்கா" என்றாள் செல்வக்கனி.

"ஓடுதுட்டி."

"ஓடட்டும். நம்ம வேலைத் தாள்ல என்ன எழுதியிருக்கு? கூட்டணும், துடைக்கணும், கக்கூஸ் கழுவணும். ஸ்விட்சு எழுதலைல்லா. டைம்டேபிள்ல இல்லாத ரூமுக்கு ஃபேன் இல்லைன்னா, தாள்ல இல்லாத வேலைக்கு நம்ம கையும் இல்லை."

சொல்வது எளிது. அந்தப் பெண்கள் பட்ட பாட்டை அவர்களிடம் கேட்க வேண்டும். விளக்கெரியும் அறையைத் தாண்டிப் போகும்போது பல்லில் மண் கடிபட்டதுபோல இருந்தது என்றாள் ஒருத்தி. மரியபுஷ்பம் வலது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்தாள், இல்லாவிட்டால் அது போய் நிறுத்திவிடுமாம். மாடித் தொட்டி வழிந்து வாசல்வரை தண்ணீர் ஓடிய அன்று லூர்தம்மாள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆனால் ஆறு வாரம் ஒருத்தியும் ஒரு ஸ்விட்சைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஓட விட்ட ஏசி திங்கட்கிழமை காலைவரை ஓடியது. ஏழு கட்டடமும் ஆளில்லாமல் ஜொலித்தது.

கமிட்டி வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது குற்றாலிங்கம் மீட்டரைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாராம். ஃபேன்களைக் கழற்றி, பல்புகளை மாற்றி, வருடம் பூராவும் குறைத்ததெல்லாம் போய், அதற்கு மேலும் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தது. தாளாளர் அவரை நிற்க வைத்துப் பேசினார். எங்கோ திருட்டு, எங்கோ ஒழுக்கு என்று தேடினார்கள். கடைசியில், அந்தக் காற்றுதான் யாருக்கும் தெரியாமல் கரண்டைக் குடிக்கிறது என்று பேச்சு வந்தது. மூன்றாவது கட்டடத்துக்கே ஒருநாள் முழுக்கக் கரண்டை வெட்டினார்கள். பிள்ளைகள் வேர்த்து ஒழுக, கண்ணாடி அறையில் காவலுக்கு நின்ற செக்யூரிட்டிக்கு மட்டும் டொக், டொக் என்று காற்று வந்துகொண்டிருந்தது. மீட்டர் பழைய அளவுக்கு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்குக் குற்றாலிங்கம் ஒற்றையாக ஏழு கட்டடத்தையும் நடந்தார். அந்த நேரத்தில் அவர் எப்போதும் வீட்டுக்குப் போயிருப்பார். எந்த அறையைத் திறந்தாலும் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, ஆளில்லை. அந்த வெளிச்சத்துக்குள்ளேயே பதினோரு பெண்கள் குனிந்து கூட்டிக்கொண்டு, ஒரு ஸ்விட்சையும் பார்க்காமல் அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு வராந்தாவில் வழி மறித்து நின்றார்.

"இதையெல்லாம் முன்னால யாரும்மா நிறுத்துனது?"

செல்வக்கனி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பேசினாள்.

"நாங்கதான் சார்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலை சார். ஆளில்லாத இடத்துல எதுக்குச் சுத்தணும்னுதான்."

"எத்தனை வருசமா?"

"நான் வந்து ஒன்பது வருசம். லூர்து அக்கா பதினாலு."

"இப்ப ஏன் நிறுத்தலை?"

அவள் இடது கையை நீட்டிக் காட்டினாள். கட்டு அவிழ்ந்து, தோல் இன்னும் சிவந்து பளபளத்தது. "ஆள் இருந்த இடத்துல நீங்க நிறுத்துனிய சார். அதான் ஆளில்லாத இடத்துல நாங்க நிறுத்தலை."

குற்றாலிங்கம் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து அந்தப் பெண்கள் பார்த்ததில்லை. "டிபன் டப்பாவைப் பார்த்தேம்மா. பதினொண்ணு இருந்துச்சு. பார்த்தேன். யாருதுன்னு கேக்கலை" என்றார்.

"பாயும் இருந்துச்சே சார்" என்றாள் மரியபுஷ்பம், விட மனமில்லாமல்.

"பாயும் இருந்துச்சு" என்றார் அவர்.

"இப்ப என்ன செய்யச் சொல்லுதிய?" என்று அவரே கேட்டார். புது இடம் கட்டித் தரச் சொல்வார்கள், கூலி கூட்டச் சொல்வார்கள் என்று நினைத்திருப்பார்.

"எங்களை டைம்டேபிள்ல போடுங்க சார்" என்றாள் செல்வக்கனி. "அப்புறம் உங்க கோடு எங்க போனாலும் எங்களைத் தாண்டித்தான போகணும்."

தாளாளர் சம்மதித்தார். மனம் மாறி அல்ல. கமிட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது, இந்தப் பதினோரு கைகள் இல்லாமல் மீட்டர் இறங்காது என்று குற்றாலிங்கம் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் செபத்தில் சேர்த்துக்கொள்கிறேன். பவுன்ராஜ் எழுதிய எச்சரிக்கையையும் அவர் கையாலேயே கிழிக்க வைத்தார். மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில், இயந்திரவியல் மூன்றாம் ஆண்டுக்கும் நூலகத்துக்கும் நடுவில் ஒரு வரி வந்தது: 'மூன்றாவது கட்டடம், படிக்கட்டுக்கு அடியில், மதியம் 12.30 முதல் 1.30 வரை, தூய்மைப் பணியாளர்கள் 11 பேர்.' பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். சிலர் போய்க் குனிந்து பார்த்தார்கள்.

சோபாவை எடுத்தார்கள். கண்ணாடிக் கதவை எடுத்தார்கள். ஸ்டோர் ரூமிலிருந்து பழைய ஃபேனைக் கொண்டுவந்தபோது, அதன் கழுத்தில் 'ஆளில்லாத இடம்' என்ற சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. லூர்தம்மாள் அதைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டாள். ஃபேனை மாட்டுகிறவரை காற்று வீசியது. ஸ்விட்சையும் மாட்டி முடித்து எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கியதும் நின்றது. பதினோரு பேர் உள்ளே இருக்கும்போதே நின்றது. பிறகு செல்வக்கனி போய் ஸ்விட்சைப் போட்டாள். டொக், டொக் என்று சுற்றியது. ஒன்றரைக்கு எழுந்தபோது அவளே நிறுத்தினாள்.

கமிட்டி வந்தது. இல்லாத காற்றைக் காட்ட முடியாததால் இறங்கிய மீட்டரைக் காட்டினார்கள். தாளாளர் ஒரு கேடயம் வாங்கினார், அது அவர் அறையில், பதினெட்டுக் குளிரில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதில் பதினோரு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. செல்வக்கனியின் முழங்கையில் தோல் சுருங்கி, கையை முழுதாக நீட்டினால் இழுக்கிறது. தலைக்கு மேல் இருக்கிற ஸ்விட்சை இப்போது அவள் வலது கையால்தான் தட்டுகிறாள்.

காற்று எங்கே போயிற்று என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது வேறு. ஒரு மனுஷன் ஒரு நிமிடம் குனிந்து, "யாரும்மா இங்க சாப்பிடுறது?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கக்கூடிய ஒரு காரியத்துக்கு, வானத்திலிருந்து ஒரு காற்று இறங்கி வந்து, ஒரு வருடம் இறக்கையில்லாமல் ஒற்றைக்கொக்கியைச் சுற்றி உழைக்க வேண்டியிருந்தது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு இப்போதும் ஆறவில்லை. அதிசயம் நடந்த இடத்தில் எல்லோரும் கைகூப்புகிறார்கள். நான் வெட்கப்படுகிறேன். நாம் செய்திருக்க வேண்டியதைச் செய்யத்தானே அது வந்தது.

பேசிப் பேசி நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டு உள் அறையில் ஒரு ஃபேன் ரொம்ப நேரமாகச் சுற்றுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய் நிறுத்திவிட்டு வாருங்கள். ஸ்விட்சில் கை வைப்பதற்கு முன்னால், உள்ளே யாராவது படுத்திருக்கிறார்களா என்று மட்டும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிடுங்கள்.